இன்ஹேலருக்கு டிராஃப்ட் பார்த்தேன்

எனக்கு ஆஸ்துமா இருப்பது நாற்பத்தொன்பதாவது வயதில்தான் தெரிந்தது. அதுவரை என் மூச்சைப் பற்றி டைரியில் ஒரு வரி எழுதியதில்லை. மற்ற எல்லாம் எழுதியிருக்கிறேன். சமையல் கேஸ் மாற்றிய தேதி, மாநகராட்சித் தண்ணீர் வந்த நேரம், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று முதலில் வீசிய நாள், மொட்டை மாடித் தொட்டியைக் கழுவிய நாள், எல்லாம் உண்டு. மூச்சு தானாக வந்து போய்க்கொண்டிருந்ததால் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கத் தோன்றவில்லை.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த தவறு புரியாது. தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் எத்தனை டன் சரக்கு இறங்கியது என்று அளந்து சொல்லும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். ஒரு கப்பல் நிலக்கரியைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது. கப்பலின் வெளிப்பக்கத்தில் முன்னும் நடுவிலும் பின்னும், இரண்டு பக்கமும், கீழிருந்து மேலாக எண்கள் எழுதியிருக்கும். தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்தால் கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று தெரியும். சரக்கோடு ஒரு முறை பார்ப்போம், இறக்கிய பிறகு ஒரு முறை பார்ப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து எடை வரும். இதற்கு டிராஃப்ட் பார்ப்பது என்று பெயர். சரக்கை அனுப்பியவர் ஒரு காகிதத்தில் எடை எழுதி அனுப்பியிருப்பார். அது அவர் சொல்வது. தண்ணீர்க்கோடு காட்டுவதுதான் எடை. இருபத்தாறு வருடமாக நான் நம்பி வந்தது இந்த ஒன்றைத்தான்.

நுரையீரல் மருத்துவர் இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி: வளைந்த பிளாஸ்டிக் குழல், அதன் முதுகில் செருகிய சின்ன உலோகக் குப்பி, அழுத்தினால் புஸ்ஸென்று புகை மாதிரி வரும். நிறம் மட்டும் வேறு. நீலம் அவசரத்துக்கு. மூச்சு அடைக்கும்போது எடுத்தால் சுருங்கிய குழாய்கள் சில நிமிடத்தில் விரியும். காப்பி நிறம் தினசரிக்கு. அதை எடுத்தவுடன் ஒன்றும் தெரியாது. மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை அது நாள்கணக்கில் மெல்லக் குறைக்கும், ஆகவே நன்றாக இருந்தாலும் விடக்கூடாது. காலையில் இரண்டு, இரவு இரண்டு. குப்பியில் மொத்தம் இருநூறு தடவைக்கு மருந்து. “அமுக்கி உள்ள இழுங்க” என்று மருந்துக் கடையில் ஒருவர் குழலைத் தன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். அவ்வளவுதான் என் பயிற்சி.

டைரியில் மூச்சுக்கென்று இரண்டு பத்திகள் தொடங்கினேன், காப்பி நிறத்துக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. நீலப் பத்தி பெரும்பாலும் காலியாக இருந்தது. அதில் எனக்குப் பெருமை.

குப்பியில் மருந்து எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது. அந்த மாடலில் எண் காட்டும் ஜன்னல் இல்லை. எண்ணிக்கொண்டு வந்தால் ஐம்பது நாளில் முடிய வேண்டும். ஆனால் இருநூறு என்பது அட்டைப் பெட்டியில் அச்சடித்தது, அதாவது அனுப்பியவர் சொல்வது. எனக்கு அது போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உலோகக் குப்பியைக் குழலிலிருந்து கழற்றி ஒரு வாளித் தண்ணீரில் போட்டேன்.

புதுக்குப்பி நேராக அடிக்குப் போய்விட்டது. பாதி தீர்ந்த பிறகு போட்டபோது தலைகீழாக எழும்பி நின்றது. தண்ணீர் தொட்ட இடத்தில் அழியாத பேனாவால் ஒரு கோடு போட்டேன். பத்து நாள் கழித்து இன்னொரு கோடு. அதற்குப் பத்து நாள் கழித்து மூன்றாவது. ஒவ்வொரு முறையும் குப்பி கொஞ்சம் உயர்ந்து மிதந்தது. வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கும் துறைமுகத் தண்ணீருக்கும் அடர்த்தி வேறு என்பதால் டைரியில் அதற்கு ஓர் அடிக்குறிப்பும் எழுதினேன்.

என் மனைவி வீட்டில் தையல் வகுப்பு நடத்துகிறாள். அவள் அலசுவதற்குத் துணியோடு வந்தபோது நான் வாளிக்கு முன்னால் குந்தியிருந்தேன்.

“என்ன செய்யுதீய?”

“டிராஃப்ட் பாக்கேன்.”

“எதுக்கு?”

“மருந்து எவ்வளவு கெடக்குன்னு தெரிய வேண்டாமா?”

“பெட்டியிலதான் எரநூறுன்னு போட்டிருக்கே.”

“அது கம்பெனிக்காரன் சொல்லுதது.”

அவள் வாளியை எட்டிப் பார்த்தாள். “வீட்டுக்குள்ள ஹார்பரைக் கொண்டாந்தாச்சு. சங்க ஊதிக் கப்பல வெளிய எடுங்க, நான் துணி அலசணும்.”

ஐம்பதாவது நாள் வந்தது. கணக்குப்படி குப்பி காலி. ஆனால் அழுத்தினால் புஸ்ஸென்று வந்தது, தொண்டையில் குளிர்ச்சி தெரிந்தது, வாளியில் போட்டால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு அமிழ்ந்து நின்றது. மருந்துக் கம்பெனிக்காரர் தாராளமானவர் என்று நினைத்துக்கொண்டேன். காகிதத்தைவிடக் கூடுதலாகச் சரக்கு வருவது கப்பலில் அபூர்வம். டைரியில் “பெட்டி 0, டிராஃப்ட் 1/3. டிராஃப்ட் ஏற்கப்பட்டது” என்று எழுதிவிட்டு அதையே தொடர்ந்தேன்.

அறுபத்துமூன்றாவது நாள் ஒரு நிலக்கரிக் கப்பல் வந்தது. கச்சான் பலமாக வீசிக்கொண்டிருந்த மாதம். தரையில் கிடந்த கரித்தூளும் காற்று கொண்டுவந்த மண்ணும் சேர்ந்து கண்ணில் அடித்தன. கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய ஏணியில் ஏறினேன். பாதி தூரத்தில் மூச்சு நின்றுவிட்டது போல் இருந்தது. உள்ளே போன காற்று வெளியே வரவில்லை, வெளியே வராததால் அடுத்தது உள்ளே போகவில்லை. ஏணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது எனக்கே கேட்டது.

கீழே நின்ற ஃபோர்மேன் என்னைவிட இளையவர். அவர் முதலில் கேலியாகத்தான் கேட்டார். “அண்ணாச்சி, என்ன நடுவுல நின்னுட்டீய? ஏறுதியளா இறங்குதியளா?”

என்னால் கையை மட்டும் அசைக்க முடிந்தது. அவர் முகம் மாறி, இரண்டிரண்டு படியாக ஏறி வந்து என்னைத் தாங்கி இறக்கினார். நீல இன்ஹேலர் கரையில் என் பையில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தார். நான்கு முறை எடுத்த பிறகுதான் பேச்சு வந்தது. அன்றைய டிராஃப்டை வேறொருவர் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் நான் ஏறாமல் திரும்பிய முதல் கப்பல் அது.

மறுநாள் நிறுவனத்தின் மருத்துவர் கூப்பிட்டார். ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து முழு மூச்சை ஒரே ஊதாக ஊதச் சொன்னார். ஊதினால் உள்ளே இருக்கும் சிவப்பு முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். எனக்கு 290-இல் நின்றது. அன்று ஒரு தடவைதான் ஊத விட்டார், அதற்குள் இருமல் வந்துவிட்டது.

“உம்ம வயசுக்கும் உயரத்துக்கும் ஐநூறுக்கு மேல வரணும்வே,” என்றார். “நான் ஐநூறு கேக்கல. நானூத்தம்பது வரட்டும், கப்பல்ல ஏறும். ஒரு மாசம் தாரேன். வரலேன்னா மாடியில உக்காந்து ஃபைல் பாரும்.”

மாடி என்பது எங்கள் அலுவலகத்தின் மேல்தளம். ஏசி உண்டு. இரண்டு வேளை காப்பி மேஜைக்கே வரும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும். செய்தி பரவியதும் எல்லோரும் வந்து வாழ்த்தினார்கள். “அண்ணாச்சிக்கு நல்ல காலம், இனிமே வெயில்ல நிக்க வேண்டாம்” என்றார் ஃபோர்மேன், உண்மையான சந்தோஷத்தோடு. அவரிடம் எப்படிச் சொல்வது? கப்பலின் கடல் பக்க எண்களைப் பார்க்கச் சின்னப் படகில் சுற்றிப் போவோம். படகுக்காரர் இன்ஜினை அணைத்துவிடுவார். ஒரு தெரு நீளத்துக்கு இரும்புச் சுவர் தலைக்கு மேல் நிற்க, அதன் அடியில் தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் கண்ணை வைத்து, இதுதான் கோடு என்று முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுப்பவன் நான். மாடியில் உட்கார்ந்தால் வேறொருவர் எடுத்த முடிவுக்கு முத்திரை குத்துவேன். எனக்கு அது வேண்டாம். முப்பது நாளில் 450 வேண்டும். வீட்டுக்கு வந்து டைரியில் அந்த எண்ணைத் தனியாக ஒரு வரியில் எழுதி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து நுரையீரல் மருத்துவரின் கிளினிக்குக்குப் போனேன். மருத்துவரைப் பார்க்குமுன் ஒரு நர்ஸ் நம்மை உட்காரவைத்து இன்ஹேலர் எடுக்கும் விதத்தைச் சரிபார்ப்பார். அது புதிதாக வந்த ஏற்பாடு. நாசரேத் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும், பேச்சில் ஒரு டீச்சர் கண்டிப்பு. எனக்கு முன்னால் திரேஸ்புரத்திலிருந்து ஒரு வயதான அம்மாவும் அவருடைய மகனும் உட்கார்ந்திருந்தார்கள். மகனுக்கு நாற்பது வயதிருக்கும், சங்கு குளிப்பவர். கண் சிவந்து, தோள் அகன்று, கடலில் முங்கி எழுகிறவர்களுக்கே உரிய நெஞ்சோடு இருந்தார். நோய் அம்மாவுக்கு.

நர்ஸ் அந்த அம்மாவிடம் வேறு வகை இன்ஹேலர் ஒன்றைக் கொடுத்தார். அதில் குப்பியும் இல்லை, புஸ்ஸும் இல்லை. மாத்திரைக் கூடு ஒன்றை உள்ளே போட்டு முறுக்கினால் கூடு உடையும், உள்ளிருக்கும் பொடியை நாம்தான் மூச்சால் இழுக்க வேண்டும்.

“பாட்டி, நல்லா வேகமா, பலமா இழுங்க.”

“இழுப்பு நிக்கத்தான் இங்கன வந்தேன். நீ இழு இழுன்னு சொல்லுத.”

காத்திருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். நர்ஸும் சிரித்தார். “அது வேற இழுப்பு பாட்டி. இது மருந்த இழுக்கது.”

அந்த அம்மா இழுத்தார். கூட்டில் பொடி அப்படியே இருந்தது. இன்னொரு முறை இழுத்தார், கொஞ்சம்தான் குறைந்தது. மகனுக்குப் பொறுக்கவில்லை. “எம்மா, இப்படி,” என்று நர்ஸ் பயிற்சிக்கு வைத்திருந்த காலி இன்ஹேலரை வாங்கி, வாயில் வைத்து, அறையின் காற்று முழுவதையும் எடுத்துக்கொள்வது போல் ஓர் இழு இழுத்தார்.

“அருமை,” என்றார் நர்ஸ். “அப்படியே பத்து எண்ணுத வரைக்கும் அடக்கி வையிங்க.” பத்து எண்ணினார். “போதும், விடுங்க.”

அவர் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாற்பது விநாடி. ஐம்பது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று பார்த்தார். ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி ஆனதும் அந்த அம்மா மகனின் முழங்காலில் ஓர் அடி வைத்தார்.

“விடுலே. கரையில இருக்கோம்.”

அவர் மெல்ல விட்டுவிட்டு, “எவ்வளவு?” என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார், நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார் போல. சொன்னேன். “இன்னைக்குச் சாப்பிட்டுட்டு வந்துட்டேன், இல்லேன்னா இன்னும் போவும்” என்றார்.

நர்ஸ் அந்த அம்மாவுக்குப் பொடி சரிவராது என்று முடிவு செய்தார். பொடிக்கு இழுக்கும் பலம் வேண்டும், அது இல்லாதவர்களுக்குக் குப்பி இன்ஹேலரும் ஸ்பேசரும் தான் நல்லது. ஸ்பேசர் என்பது முட்டை வடிவத்தில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கூடு. ஒரு முனையில் இன்ஹேலரைச் செருகி அழுத்தினால் மருந்து கூட்டுக்குள் நிற்கும். மறு முனையில் வாயை வைத்து நிதானமாக நாலைந்து மூச்சு எடுத்தால் போதும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய அவசரம் இல்லை. அந்த அம்மா கூட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது நம்ம சுரைக்காய்லா,” என்றார். இரண்டாவது முயற்சியிலேயே சரியாக எடுத்தார்.

அடுத்தது நான். “எப்படி எடுக்கிறீய, எடுத்துக் காட்டுங்க அண்ணாச்சி.”

காட்டினேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஒரு தாளில் நான்கு இடத்தில் பெருக்கல் குறி போட்டார். அழுத்துமுன் குலுக்கவில்லை. அதற்குமுன் மூச்சை வெளியே விடவில்லை. அழுத்திவிட்டு அப்புறம் இழுத்தேன், மெதுவாக இழுக்க ஆரம்பித்து அந்த இழுப்பிலேயே அழுத்த வேண்டுமாம். நான் இழுத்ததோ, சங்குகாரர் இழுத்த இழுப்பு.

“இது பொடி இல்ல. புகை. வேகமா இழுத்தா நேரா தொண்டையில போயி ஒட்டிக்கிடும். நெஞ்சுக்குப் போவாது. மெதுவா, மூணு நாலு விநாடி.” பிறகு கேட்டார்: “எடுத்ததும் வாய் கொப்புளிக்கீயளா? காப்பி கலருக்குக் கண்டிப்பா கொப்புளிக்கணும், இல்லேன்னா வாய்ப்புண்ணு வரும்.”

கொப்புளிக்கவில்லை. ஐந்தாவது பெருக்கல் குறி. அதுவரை எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் கலங்கவில்லை. என் கையில் டைரி இருந்தது. அதை நீட்டினேன்.

அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். நீலப் பத்தியில் விரல் வைத்தார். “இங்க வரைக்கும் காலியா இருக்கு. இந்த நாள்லயிருந்து ஒண்ணு. அப்புறம் ரெண்டு. அப்புறம் நாலு, ஆறு. என்ன ஆச்சு இந்த நாள்?”

அது ஐம்பத்துமூன்றாவது நாள். “கச்சான்,” என்றேன்.

“கச்சான் எப்ப ஆரம்பிச்சது?”

அதுவும் டைரியில் இருந்தது. அந்த நாளுக்கு நாற்பது நாள் முந்தியே ஆரம்பித்திருந்தது. அவர் காப்பி நிறக் குப்பியைக் கையில் எடுத்தார். அதன் மேலிருந்த மூன்று கோடுகளைப் பார்த்தார். “இது என்ன கோடு?”

விளக்கினேன். வாளி, டிராஃப்ட், அடர்த்தி, எல்லாம். பெட்டியில் போட்டிருந்த இருநூறைவிட மருந்து கூடுதலாக இருந்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தார்.

“அண்ணாச்சி, இதுக்குள்ள மருந்து மட்டும் இல்ல. மருந்தத் தள்ளுத கேஸும் இருக்கு. எரநூறு முடிஞ்ச பிறகு மருந்து ஒழுங்கா வராது. கேஸ் மட்டும் இருக்கும். அமுக்கினா அதே சத்தம் வரும், அதே குளிர்ச்சி இருக்கும். தண்ணியில போட்டா கொஞ்சம் முங்கியும் நிக்கும். அதனாலதான் தண்ணியில போட்டுப் பாக்காதீயன்னு சொல்லுதோம். போதாக்குறைக்குத் தண்ணி குப்பி வாய்க்குள்ள போயி அடைச்சிரும்.”

எனக்கு அந்த நாற்காலியிலேயே காது சுட்டது. அவர் சொன்னதில் எனக்குப் புரியாதது ஒன்றும் இல்லை. அதுதான் பிரச்சினை. சரக்கு இறக்கிய கப்பல் காலியாக நிற்காது. சாயாமல் இருக்க அடித்தொட்டிகளில் கடல் தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். அதை பேலஸ்ட் என்போம். டிராஃப்ட் பார்த்தவுடன் பேலஸ்ட்டை அளந்து கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரைச் சரக்கென்று எழுதிவிடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்ற பாடம். இருபத்தாறு வருடம் ஒரு கப்பலிலும் மறந்ததில்லை. என் சொந்தக் குப்பியில் மறந்துவிட்டேன். பதினாறு நாளாக, காலை இரண்டு இரவு இரண்டு என்று ஒரு வேளை தவறாமல், பேலஸ்ட்டை மூச்சில் இழுத்திருக்கிறேன். அதையும் டைரியில் எழுதியிருக்கிறேன்.

சங்குகாரர் அம்மாவோடு இன்னும் போகவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் ஆறுதலாகச் சொன்னார்: “விடுங்க அண்ணாச்சி. நானும் அப்படித்தான் போட்டுப் பாத்திருப்பேன். முங்குனா சரக்கு இருக்குன்னுதான நெனைப்போம்.”

நுரையீரல் மருத்துவர் எனக்குத் தினசரி மருந்தை மாற்றினார். இந்த முறை வட்டமாக, உள்ளங்கையில் அடங்கும் பொடி இன்ஹேலர். கூடு போட வேண்டாம். உள்ளேயே அறுபது வேளை இருக்கிறது. பக்கத்திலுள்ள நெம்புகோலைத் தள்ளினால் ஒரு வேளை மருந்து தயாராகும், சின்ன ஜன்னலில் எண் ஒன்று குறையும். கடைசி ஐந்து வேளை சிவப்பு எழுத்தில் வருமாம். என் வேலையை அதுவே செய்துகொள்கிறது. முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு லேசாகப் பொறாமையாக இருந்தது. அவசரத்துக்கு நீலமே தொடர்ந்தது, ஆனால் புதுக்குப்பி, கூடவே ஒரு ஸ்பேசர். பழையவை இரண்டும் அங்கேயே வாங்கி வைத்துக்கொள்ளப்பட்டன. அந்த நர்ஸ் மூன்று கோடு போட்ட குப்பியை மட்டும் தனியாக மேஜையில் வைத்தார். அடுத்து வருகிறவர்களுக்குக் காட்டவாம்.

சிக்கல் என்னவென்றால், வட்டத்தை வேகமாக இழுக்க வேண்டும், நீலத்தை மெதுவாக. வட்டத்தைக் குலுக்கக் கூடாது, அதற்குள் ஊதவும் கூடாது, நம் மூச்சின் ஈரத்தில் பொடி கட்டிவிடும். நம் ஊர்க் கடற்காற்றிலேயே பாதி ஈரம் என்பதால் மூடியை உடனே மூட வேண்டும். நீலத்தைக் குலுக்கியே ஆக வேண்டும். முதல் நான்கு நாளில் மூன்று முறை மாற்றிச் செய்தேன். நான் ஒரு அட்டையில் விதிகளை எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன், பதினோரு வரி. என் மனைவி அதைப் படித்துவிட்டு, “காலங்காத்தால இத யாரு படிக்கது” என்றாள்.

“பொறவு எப்படி ஞாபகம் வைக்க?”

“வட்டம் வந்து, ஜிகர்தண்டாவுல அடியில நிக்கிற கடல்பாசிய ஸ்ட்ராவுல இழுக்க மாதிரி. ஒரே இழுப்பு. நீலம் வந்து, அடுப்புல நெய் உருகுத வாசத்தப் புடிக்க மாதிரி. அவ்வளவுதான்.”

அட்டையைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு முறைகூட மாறவில்லை.

ஊதிப் பார்க்கும் குழாய் ஒன்றை நிறுவன மருத்துவர் கெடு வைத்த அன்றே வாங்கியிருந்தேன். தினமும் காலை ஆறு பத்துக்கு, மருந்து எடுக்குமுன், நின்றுகொண்டு மூன்று முறை ஊதுவேன். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து டைரியில் எழுதுவேன். ஏழாம் நாள் சராசரி 340. பன்னிரண்டாம் நாள் 380. நீலப் பத்தி மறுபடி காலியாகத் தொடங்கியது. ஒரு வாரம் முழுதும் ஒன்றுமில்லாமல் இருந்தபோது அந்த வெறும் கட்டங்களைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஆனால் நானூற்று முப்பதை ஒட்டியே நின்றுவிட்டது. இருபத்திரண்டாம் நாள் 430. இருபத்தாறாம் நாள் 430. இருபத்தெட்டாம் நாள் 433. சில நாள் மூன்றில் ஒன்று மட்டும் திடீரென்று எகிறும். அதை நான் நம்பவில்லை. கப்பல் பக்கத்தில் ஓர் அலை எழும்பும்போது தெரியும் எண்ணை யாரும் டிராஃப்ட் என்று எழுதுவதில்லை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவைத்தான் எடுப்போம். முப்பதாம் நாள் காலை 430, 430, 460. சராசரி 440. பத்து குறைவு.

அன்று பத்தரை மணிக்கு நிறுவன மருத்துவரிடம் போக வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டே மாடி மேஜையை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டால் சுவர் தெரியாது என்று யோசித்தேன். எந்தப் பக்கம் போட்டாலும் தெரியும். மனைவியும் கூட வந்தாள். “தோத்தா காப்பி வாங்கித் தாரேன், ஜெயிச்சா நீங்க வாங்கித் தாங்க” என்றாள். போகும் வழியெல்லாம் மூச்சைச் சேமித்துக்கொண்டு வந்தேன்.

மருத்துவர் குழாயைக் கொடுத்தார். ஊதினேன். 430.

“ம். இன்னொண்ணு.”

440.

“கடைசி. நல்லா நிமிந்து நில்லும்.”

முள் 470-இல் போய் நின்றது. மருத்துவர் தலையாட்டிவிட்டுத் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். நான் மனதுக்குள் கூட்டிவிட்டேன். ஆயிரத்து முந்நூற்று நாற்பது, வகுத்தல் மூன்று. நானூற்று நாற்பத்தாறு புள்ளி ஆறு ஏழு. மூன்று புள்ளி மூன்று மூன்று குறைவு. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

“சார், சராசரி நானூத்தம்பது வரல.”

அவர் பேனாவை நிறுத்தினார். “என்ன சராசரி?”

“மூணையும் கூட்டி…”

“யாருவே கூட்டச் சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. அலைக்கு நடுவை எடுப்பது போல் கணக்குப் போட்டேன் என்று சொல்லி, டைரியை எடுத்து முப்பது நாளையும் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிறிது நேரம் பார்த்தார்.

“இத மூணு தடவ ஊதச் சொல்லுதது, ஒரு தடவயாவது ஒழுங்கா ஊதுவீரான்னுதான். மூணுல எது பெருசோ அதுதான் கணக்கு. ஒம்ம நெஞ்சுல இல்லாத காத்த நீரு ஊத முடியாதுல்லா? அது அலை இல்லவே. நானூத்தெழுவதுன்னு நான் எழுதிட்டேன். உமக்குக் கப்பல்ல ஏறணுமா வேண்டாமா?”

“ஏறணும் சார்.”

“அப்போ வகுக்காதேயும்.”

மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். மருத்துவர் தாளில் கையெழுத்துப் போட்டார். நிலக்கரிக் கப்பல் என்றால் முகக்கவசம், நீல இன்ஹேலர் பையில் இல்லை, சட்டைப்பையில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை இங்கே வந்து ஊத வேண்டும். மூன்று நிபந்தனைக்கும் சரி என்றேன்.

வெளியே வந்து அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குத் திரும்பியதும் டைரியை விரித்து, முப்பது நாளும் அடித்து எழுதாமல், ஒவ்வொரு சராசரிக்கும் பக்கத்தில் அன்றைய மூன்றில் பெரியதைச் சிவப்பு மையால் எழுதிக்கொண்டே வந்தேன். இருபத்திரண்டாம் நாளில் கை நின்றது. 410, 430, 450.

“ஏளா, இங்க பாரு. எட்டு நாளைக்கு முந்தியே நானூத்தம்பது வந்திருக்கு. எட்டு நாள் சும்மா பயந்திருக்கேன்.”

அவள் தையல் மிஷினிலிருந்து நிமிரவில்லை. “நீங்க பயந்தத நீங்க எழுதிக்கிடுங்க. அந்த எட்டு நாளும் ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தேன்லா, அத எந்தப் பத்தியில எழுதுவீய?”

அதற்குப் பத்தி இல்லை. மறுநாள் காலை ஆறரைக்கு மரக்கட்டை ஏற்றி வரும் ஒரு கப்பல் இருந்தது. சட்டைப்பையில் நீலத்தை வைத்துப் பொத்தானைப் போட்டுப் பார்த்தேன், சரியாக அடங்கியது.